எப்பவும் குடுக்குற அளவு

போனை நீ வச்சிட்டா என் வாயும் சேர்ந்து அடைஞ்சிடும்னு நெனச்சியா அபிராமி? நம்பரைத்தான் பிளாக் பண்ண முடியும், லீவு முடிஞ்சு நாளைக்கு விடியக்காலம் குவைத்துக்குத் திரும்புற ஜலஜா கையில இந்தக் காகிதத்தைக் குடுத்துவிட்டா அதை எந்த பட்டனை அமுக்கித் தடுப்பே? படிக்காம கிழிச்சுப் போட்டுடலாம்னு பார்க்காதே, அதுக்கும் வழி பண்ணியிருக்கேன், நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு ஜலஜாகிட்ட மலை மந்திர் முருகன் மேல சத்தியம் வாங்கிட்டேன். கடுதாசின்னா முதல்ல நலம் எழுதணும், எட்டாவது வரைக்கும் படிச்சவளுக்கு அது தெரியும், அதனால எழுதுறேன். மது நல்லா இருக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நாலு நாளாச்சு, கண்ணுல இருந்த மஞ்ச இறங்கிடுச்சு, இன்னைக்குக் காலையில ஒண்ணரை இட்லி தின்னுட்டு, மிச்சத்தை ஜன்னல் வழியா புறாவுக்குப் போட்டுட்டு, "சித்தி, கத்தம்"னு, தீர்ந்துடுச்சாம், கையை விரிச்சுக் காட்டுது. உன்னைப் பார்த்துப் பார்த்து அதுவும் என்னை சித்தின்னுதான் கூப்பிடுது. நான் நல்லா இருக்கேனான்னு நீ கேக்கப் போறதில்ல, அதனால அதை எழுதல. நீ நல்லா இருக்கியான்னு கேக்குறது முறை, கேட்டாச்சு.

நேத்து சாயந்திரம் நீ பேசின பேச்சு இன்னும் காதை விட்டுப் போகல. "என் புள்ளைக்கு விஷம் வச்சிட்டியே சித்தி"ன்னு கத்தினே, பொறுத்துக்கிட்டேன். "ஞாயித்துக்கிழமை அவரு வந்து மதுவை ரயில்ல கூட்டிக்கிட்டுப் போயி கள்ளக்குறிச்சியில எங்க மாமியார்கிட்ட விடுவாரு, துணியெல்லாம் மடிச்சு வை"ன்னு சொன்னே, அதையும் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கேட்டேன். கடைசியா ஒண்ணு சொன்னே பாரு, "நீ ஒண்ணு பெத்திருந்தாத்தானே உனக்குத் தெரியும்"னு, சொல்லிட்டு போனை வச்சே. என் அக்கா, உன்னைப் பெத்த மகராசி, உன்னை என் மடியில போட்டுட்டுக் கண்ணை மூடினப்ப உனக்கு ஒண்ணரை வயசு, எனக்கு இருபத்தாறு. இந்த டெல்லியில, ஜங்புராவுல நாலு வீட்டு வேலையை ரெண்டா கொறைச்சுக்கிட்டு, மதராசி கேம்ப்ல அந்த ஒத்தை ரூம்ல, மழை வந்தா நாலாச் சாக்கடைத் தண்ணி உள்ள வரும்னு கட்டிலைச் செங்கல் மேல தூக்கி வச்சு, அதுமேல உன்னை உக்கார வச்சு வளத்தேன். பெத்தவளா இருந்திருந்தா நாலு அறை விட்டிருப்பேன், பெக்காதவளா இருந்ததால அடிக்கக்கூட பயந்து பயந்து வளத்தேன், அதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு, மருந்து எல்லாம் அதுக்கு அப்புறம்.

இப்ப நடந்ததை நடந்தபடி எழுதுறேன், நீ மாப்பிள்ளை சொன்னதை மட்டும் கேட்டுக்கிட்டு ஆடுறே. அன்னைக்கு சனிக்கிழமை, நான் சஷ்டி விரதத்துல இருக்கேன், நாலாவது நாள், ஒரு வேளை பாலும் பழமும்தான். மத்தியானம் மதுவைத் தூக்குறேன், உடம்பு தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. டிஸ்பென்சரியில குடுத்த பழைய காய்ச்சல் சிரப் பாட்டிலைக் கவுத்தா அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு சொட்டு வரல. உடனே உனக்குத்தான் போன் போட்டேன். நீ என்ன சொன்னே? "அதான் ஜலஜாகிட்ட நாலு பாட்டில் குடுத்து விட்டிருக்கேனே சித்தி, இங்கத்து மருந்து, நல்லா கேக்கும், அதைக் குடு"ன்னு சொன்னே. சரி, எவ்வளவு குடுக்கட்டும்னு கேட்டேன். கேட்டேனா இல்லையா? உன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. "எப்பவும் குடுக்குற அளவு குடு சித்தி, மேடம் கூப்பிடுறாங்க"ன்னு சொல்லி வச்சிட்டே. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு நீ குடுத்த மருந்துச் சீட்டு. எப்பவும் குடுக்குற அளவு எவ்வளவுன்னு உனக்குத் தெரியாதா? பாதி சங்கு. உனக்குப் பால் புகட்டின அதே பித்தளைச் சங்கு, மூக்கு லேசா வளைஞ்சிருக்குமே, அதுல பாதி. உன் சளிக்கும் பாதி சங்கு, உன் பல் முளைக்கிற காய்ச்சலுக்கும் பாதி சங்கு, மது பொறந்ததிலேருந்து அவளுக்கும் பாதி சங்கு. காலை மடியில அமுக்கிக்கிட்டு, மூக்கைப் புடிக்காம, கன்னத்து ஓரமா சாய்ச்சா ஒரு சொட்டு கீழ சிந்தாது. அதைத்தான் செஞ்சேன்.

பாட்டிலைப் பிரிச்சப்ப உள்ள ஒரு குழாய் இருந்துச்சு, ரப்பர் தலை வச்சது, அமுக்கினா உறிஞ்சும். பாட்டில் மேல ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் அரபி, எனக்குத் தெரிஞ்சது தமிழும் பஸ் போர்டு படிக்கிற அளவு இந்தியும். காதுக்கு ஊத்துறதுக்கும் அது மாதிரிதான் குழாய் இருக்கும், சரி வெளிநாட்டுக்காரன் எல்லாத்துக்கும் ஒரு குழாய் வைக்கிறான்னு நெனச்சு அதைத் தனியா எடுத்துக் கழுவி, சாமி மாடத்துல வச்சிட்டேன். விரதத்துக்கு ஆறு நாளும் விளக்கு அணையக் கூடாது, எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்ச்சா அகல்ல வழிஞ்சு போகுது, அந்தக் குழாயால விட்டா அளவா விழுந்துச்சு. சிரிக்காதே. சாமி விளக்குக்கு அளந்து விட்டேன், புள்ளைக்கு அளக்காம விட்டேன்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் பின்னால நான் ஒத்துக்கிட்டப்ப இதைத்தான் சொன்னா, அவ சொன்னா பொறுத்துக்குவேன், நீ சொல்லக் கூடாது.

சனிக்கிழமை மூணு தடவை குடுத்தேன், ஞாயித்துக்கிழமை மூணு தடவை. குடுத்தா ஒரு மணி நேரத்துல வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்குது, அப்புறம் மறுபடி ஏறுது. ஞாயித்துக்கிழமை, டெல்லியோட அந்தக் கோடியில துவாரகாவுல தங்கி வேலை பார்க்குற உன் வீட்டுக்காரர் லீவுக்கு வந்தாரு, தீனா மாப்பிள்ளையைக் குத்தம் சொல்லணும்னு இல்ல, ஆனா எழுதாம விட முடியாது. வரும்போதே கீழ மெடிக்கல்ல சளிக்கு ஒரு சிரப் வாங்கிக்கிட்டு வந்திருக்காரு, நான் குளிக்கப் போயிருந்தப்ப அவரே பாட்டில் மூடியில ஊத்திக் குடுத்துட்டாரு. எனக்குச் சொல்லல. நான் குடுக்குறதை அவரு கேக்கல. அந்தச் சளி சிரப்புலயும் அதே காய்ச்சல் மருந்து கலந்திருக்காம், அது கடைக்காரனுக்குத் தெரியும், கடைக்காரன் இவருகிட்ட சொல்லல, இவரு என்கிட்ட சொல்லல, திட்டு மட்டும் எனக்கு. சாயந்திரம் கீழ் வீட்டு கோமளா அவ கைக்கொழந்தையைத் தூக்கிக்கிட்டு மேல வந்தா, மதுவோட நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, "உங்க கை பட்டாலே எறங்கிடும் அக்கா"ன்னு சொல்லிட்டு அவ புள்ளைக்கும் பக்குவம் கேட்டுக்கிட்டுப் போனா. கேம்ப்பை விட்டு வந்து குடியிருக்குற இந்த அடுக்குமாடி பிளாக்குல நாலு தாய்மாருங்க என்னைக் கேட்டுத்தான் புள்ளைங்களுக்கு மருந்து குடுக்குறாளுங்க, தெரிஞ்சுக்கோ, எல்லாரும் உன்னை மாதிரி நன்றி கெட்டவளுங்க இல்ல.

திங்கக்கிழமை சூரசம்ஹாரம். விடிஞ்சதும் புள்ளை வாந்தி எடுத்துச்சு. அப்பவும் நான் காய்ச்சல் வாந்தின்னுதான் நெனச்சேன், அவசரத்துல கைக்குக் கிடைச்ச கரண்டியில அதே பாதி சங்கு அளவு குடுத்தேன், அதையும் சேர்த்து ஏழு. பத்து மணிக்குள்ள நாலு தடவை வாந்தி, அப்புறம் தூங்குறா தூங்குறா, தட்டினா கண்ணைத் திறந்து என்னை யாரோ மாதிரி பார்க்குறா. நெத்தியில திருநீறை அப்பிட்டு, சாமி படத்துக்கு முன்னால, முருகா உன்னை அப்புறம் பார்த்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அந்தத் திறந்த பாட்டிலையும் பையில போட்டுக்கிட்டு, புள்ளையைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி இறங்கி ஆட்டோ புடிச்சேன். ஆட்டோக்காரன், "அம்மாஜி, இத்னா தூர் நஹீன் ஜாயேகா"ன்னான், அவ்வளவு தூரம் வர மாட்டானாம், புள்ளை முகத்தைக் காட்டினேன், மீட்டர்கூட போடாம ஓட்டினான். இந்தக் கதையை மாப்பிள்ளை உனக்குச் சொல்லியிருக்க மாட்டாரு, அவரு துவாரகாவுல டூட்டியில இருந்தாரு, சாயந்திரம்தான் வந்தாரு.

ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா உன்னைவிடச் சின்னப் பொண்ணு, காலுல ஸ்போர்ட்ஸ் ஷூ, வந்ததும் வராததுமா "கியா தியா, கித்னா தியா, கித்னி பார் தியா"ன்னு, என்ன குடுத்தே, எவ்வளவு, எத்தனை தடவைன்னு கேட்டா. ஒரு வாங்கம்மா, உக்காருங்கன்னு இல்ல. பாட்டிலைக் காட்டினேன். வாங்கிப் படிச்சா, மூஞ்சி மாறிடுச்சு. டிராப்பர் எங்கேன்னா, சாமி மாடத்துலன்னு எப்படிச் சொல்லுவேன், வீட்டுலன்னேன். எதுல அளந்தீங்கன்னா, சங்குன்னேன், அவளுக்குப் புரியல, கையைக் குவிச்சுக் காட்டினேன். ஒரு ஊசிக் குழல்ல தண்ணியை எடுத்து என் உள்ளங்கையில விட்டு "இத்னா? இத்னா?"ன்னு, இவ்வளவா இவ்வளவான்னு கேட்டுக்கிட்டே வந்தா, நான் போதும்னு சொன்ன இடத்துல நிறுத்திப் பார்த்தா அஞ்சு மில்லி. அப்பத்தான் சொன்னா, நம்ம பழைய சிரப்பு தண்ணியா இருக்குமாம், அதுல அஞ்சு மில்லி சரியாம். இந்தக் குழாய் மருந்து கைக்கொழந்தைக்குச் சொட்டுச் சொட்டா குடுக்கத் தயார் பண்ணினதாம், நாலு மடங்கு கெட்டியாம். மது பத்தரை கிலோ, அவளுக்கு ஒண்ணரை மில்லிக்கு மேல தாண்டக் கூடாதாம். நான் அஞ்சு குடுத்திருக்கேன், ஏழு தடவை. அதுக்கு மேல மாப்பிள்ளையோட சளி சிரப் வேற. அந்த மருந்து அளவா போனா காய்ச்சலை இறக்கும், மிஞ்சிப் போனா ஈரலைத் தின்னுமாம், வெளிய ஒண்ணும் தெரியாம ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டுமாம்.

கைக்கொழந்தைக்குக் குடுக்குறதுன்னா இளசா இருக்கும்னுதானே யாரும் நெனப்பாங்க? சின்ன உடம்புக்குக் குடுக்குற மருந்து பெரிய உடம்புக்குக் குடுக்குறதைவிடக் காரமா இருக்கும்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தான்? இதை நான் டாக்டரம்மாகிட்டயும் கேட்டேன். சின்னப் புள்ளை நிறைய முழுங்காது, அதனால கொஞ்சத்துலயே சத்தை அடக்கி வச்சிருக்கோம், அதுக்குத்தான் குழாய் வச்சிருக்கோம், குழாயைத் தூக்கிப் போட்டா நாங்க என்ன பண்ணுறதுன்னு கேட்டா.

ஆறு நாள் ஏத்தினாங்க, மருந்துக்கு மாத்து மருந்து, பாட்டில் பாட்டிலா. கையில நரம்பு கிடைக்காம காலுல குத்தினாங்க. ரத்தம் எடுக்குறதும், ஈரல் கணக்கு ஏறியிருக்கு ஏறியிருக்குன்னு சொல்லுறதும், மூணாம் நாள் அதுக்கு மேல ஏறலன்னு சொல்லுறதும், நாலாம் நாள் இறங்குதுன்னு சொல்லுறதும். ஒரு பெட்டுல ரெண்டு புள்ளைங்க, நான் தரையில. சூரசம்ஹாரமும் பார்க்கல, திருக்கல்யாணமும் பார்க்கல, விரதத்தை எங்க முடிச்சேன்னுகூட ஞாபகம் இல்ல. முருகா, என் ஈரலை எடுத்துக்கோன்னு வேண்டிக்கிட்டேன். நீ அந்த நேரம் போன்ல மாப்பிள்ளைகிட்ட, "சித்தியைப் புள்ளைகிட்ட விடாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தே. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. கேட்டுச்சு.

இப்ப உன்னைக் கேக்குறேன். ஜலஜா உன் பக்கத்து வீட்டுலதானே வேலை பார்க்குறா, எல்லாம் சொன்னா. அங்க உன் மேடத்தோட ரெண்டு புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா நீ என்ன பண்ணுவியாம்? பிரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு ஒட்டி, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லின்னு எழுதி, குழாயை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுக் கோடு பார்த்துக் குடுப்பியாம். அடுத்தவ புள்ளைக்குக் கோடு பார்க்கத் தெரிஞ்ச உனக்கு, உன் புள்ளைக்கு எப்பவும் குடுக்குற அளவு குடு சித்தின்னு சொல்ல எப்படி வாய் வந்துச்சு? குழாய் இருக்கு, அதுலதான் குடுக்கணும், ஒண்ணரைக் கோடுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மேடம் இன்னொரு தடவை கூப்பிட்டா செத்தா போயிடுவா? பெத்தவளுக்குத் தெரியும்னு சொன்னியே, பெத்தவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, சொல்லத்தான் நேரம் இல்ல.

டாக்டரம்மா டிஸ்சார்ஜ் அன்னைக்கு என்னை உக்கார வச்சுப் பாடம் எடுத்தா, அதை உனக்கும் எழுதுறேன், பெத்தவளும் தெரிஞ்சுக்கோ. வயசைப் பார்த்துக் குடுக்காதே, எடையைப் பார்த்துக் குடு, மாசாமாசம் எடை போடு. பாட்டிலோட வந்த குழாயோ மூடியோ அந்தப் பாட்டிலுக்கு மட்டும்தான், ஒண்ணோட குழாயை இன்னொண்ணுக்குப் போட்டாலும் தப்பு, கரண்டி சங்கு எதுவும் கூடாது. புது பாட்டில் வந்தா பழைய அளவை மறந்துடு, கடைக்காரனை நிக்க வச்சுப் படிக்கச் சொல்லு. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறு மணி நேரம் விடு, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கிடையாது. சளி மருந்து சின்னப் புள்ளைக்கு வேண்டவே வேண்டாம், அதுல இதே மருந்து ஒளிஞ்சிருக்கும். பெரியவங்க மாத்திரையை உடைச்சுக் கரைக்காதே. டெல்லியில இப்ப டெங்கு நேரம், இந்தக் காய்ச்சல் மருந்தைத் தவிர வேற வலி மாத்திரை எதுவும் டாக்டரைக் கேக்காம கிட்டயே கொண்டு போகாதே, ரத்தம் கசியும். புள்ளை சூடா இருந்தாலும் விளையாடிக்கிட்டு இருந்தா மருந்தே தேவையில்ல, தூங்குற புள்ளையை எழுப்பி ஊத்தாதே. மூணு மாசம் நிரம்பாத கொழந்தைக்குக் காய்ச்சல்னா எதுவும் குடுக்காம நேரா தூக்கிட்டு வா, மூணு மாசத்தைத் தாண்டி ஒண்ணு ரெண்டு மாசமே ஆனதுக்கும் டாக்டரைக் கேக்காம குடுக்காதேன்னா. நான் எல்லாத்துக்கும் அச்சா அச்சான்னு தலையை ஆட்டினேன். ரெண்டு வாரம் முன்னால இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தா நான் ஏன் தலையை ஆட்டப் போறேன், செஞ்சிருப்பேன்.

இன்னொண்ணு, அந்தச் சங்கைக் காணோம். டாக்டரம்மா அதைக் கொண்டு வந்து காட்டுங்க, எவ்வளவு புடிக்குதுன்னு பார்க்கணும்னு சொன்னா, வீட்டுக்கு வந்து பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் இறக்கித் தேடிட்டேன், கிடைக்கல. வேற யாரு, உன் வீட்டுக்காரர்தான் கோவத்துல குப்பையில எறிஞ்சிருப்பாரு. கேட்டா, "எனக்குத் தெரியாதுங்க அத்தை"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. உன் அம்மா கையால வாங்கின சங்கு அது, அவ ஞாபகத்துக்குன்னு என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அவரை நீ கேளு. தப்பு பண்ணினது சங்கா? அதை ஏன் தூக்கி எறியணும்?

உன் மானத்தையும் நான்தான் காப்பாத்தி வச்சிருக்கேன், அதுவும் உனக்குத் தெரியாது. ஆறு நாள் வீடு பூட்டிக் கிடந்துச்சு, பிளாக்கே என்ன என்னன்னு கேட்டுச்சு. வெளிநாட்டுல இருக்குறவ அனுப்பின மருந்தாலன்னு சொன்னா உன்னைத்தானே காறித் துப்புவாங்க, பெரியவ அளவு தெரியாம ஊத்திட்டான்னா என்னைத் துப்புவாங்க. மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டேன். கண்ணு மஞ்சளா இருந்துச்சு, பொய்யும் இல்ல. கோமளாகிட்ட, எதிர் வீட்டுல, கீழ தண்ணி டேங்கருக்கு நிக்குறவளுங்ககிட்ட, எல்லார்கிட்டயும் காமாலைதான். தண்ணி சரியில்லன்னு சேர்த்துச் சொன்னேன், எல்லாரும் நம்பிட்டாளுங்க, ரெண்டு பேர் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பிச்சிட்டாளுங்க. ஒரு ஈ காக்காய்க்கு விஷயம் தெரியாது. இதுக்காவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம் நீ.

கடைசியா ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். துணியை நான் மடிச்சு வைக்கல, வைக்கவும் மாட்டேன். கள்ளக்குறிச்சியில உன் மாமியார் யாரு தெரியுமா, காய்ச்சல்னா தான் போடுற மாத்திரையில கால்வாசி கிள்ளித் தேன்ல குழைச்சுக் குடுக்குறவ, போன பொங்கலுக்கு உன் நாத்தனார் புள்ளைக்குக் குடுத்ததை நீயே என்கிட்ட சொல்லிச் சிரிச்சே. அங்க கொண்டு விட்டா யாரு எடை பார்ப்பா, யாரு மணி எழுதுவா? இங்க பாரு, நான் காலண்டர்ல ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல காலி இடம் விட்டு ஒரு பேனாவை நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்கேன். டாக்டரம்மா குடுத்த ஊசிக் குழல், முள்ளு இல்லாதது, அதுல அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல சிவப்பு நெயில் பாலிஷால கோடு போட்டு வச்சிருக்கேன், அது நம்ம டிஸ்பென்சரி சிரப்புக்கு மட்டும், பாட்டிலோடயே ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன். சாமி மாடத்துல இருந்த குழாயை எடுத்துட்டேன், விளக்குக்குக் கரண்டியாலதான் விடுறேன், வழிஞ்சா வழியட்டும். இந்த உலகத்துல இப்ப அந்தப் புள்ளைக்கு மருந்து அளக்க என்னைவிட பயந்தவ எவளும் கிடையாது. சூடு கண்டவகிட்டேருந்து புடுங்கி, சூடே காணாதவகிட்ட குடுக்கப் போறியா? என் கை தப்பு பண்ணுச்சு, அதை நான் இல்லன்னு சொல்லல, இங்க எழுதியும் குடுத்துட்டேன், வச்சுக்கோ. ஆனா அந்தக் கையைத் தவிர உனக்கும் மதுவுக்கும் வேற கை எது? மீறி ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்தாருன்னா, நான் புள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு வாசப்படியில உக்காந்துக்குவேன், என்னைத் தாண்டித்தான் போகணும்னு சொல்லிடு.

இன்னைக்குப் புதன், கீழ டிஸ்பென்சரியில ஊசி போடுற நாள், காலையிலேருந்து கொழந்தைங்க கத்துற கத்துல எழுதவும் முடியல, மதுவும் காதைப் பொத்திக்கிட்டு என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது, ஊசின்னாலே இப்ப அதுக்கு நடுக்கம். ஜலஜா சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கா, அதனால முடிக்கிறேன். மேடம் வீட்டுப் புள்ளைங்களையும் பத்திரமா பார்த்துக்கோ, அதுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நேரத்துக்குச் சாப்பிடு, அங்க குளிரு ஆரம்பிச்சிடுச்சாம், காதைக் கட்டிக்கோ. இந்தக் கடுதாசி கையில கிடைச்சதும் என் நம்பரைத் திறந்து விடு, என்கிட்ட பேசாட்டிப் போ, மது தினமும் போனைக் கையில வச்சிக்கிட்டு உனக்காக நிக்குது. ஆறுமுகன் உன்னையும், உன் புள்ளையையும், அந்த முன்கோபத்தையும் சேர்த்துக் காப்பாத்தட்டும். இனிமே மருந்து எதுவும் அங்கேருந்து அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெக்காத,
செங்கம்மாள் சித்தி

மடிச்சு கவர்ல போட்டதைத் திரும்பப் பிரிச்சு எழுதுறேன். கீழ கோமளா கொழந்தைக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்தா போல, அழுகை மாடி வரைக்கும் வருது. நான் பால்கனியில நின்னு, ராத்திரிக்குக் காய்ச்சல் அடிக்கும் கோமளா, பயப்படாதே, மருந்து வச்சிருக்கியான்னு குரல் குடுத்தேன். அவ அண்ணாந்து பார்த்துச் சிரிச்சிக்கிட்டே, "அதான் நீங்க குடுத்தது இருக்கே அக்கா, இப்பவே சூடாத்தான் இருக்கா, போய் ஊத்தப் போறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ரெண்டு பாட்டில் தீர்ந்துச்சு, ஒண்ணு டாக்டரம்மாகிட்ட போச்சு, நீ அனுப்பினது நாலு. மதுவைத் தூக்கிக்கிட்டு இறங்குறேன், கதவு திறந்தே கிடக்கட்டும், ஜலஜா வந்தா இதை எடுத்துக்கட்டும். அந்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலாவது பாட்டிலையும் என் அக்கா சங்கையும் கோமளா கையில நான்தான் குடுத்தேன், அவ கொழந்தைக்கு மூணரை மாசம், பாதி சங்கு ஊத்துன்னு சொன்னேன்.